ஒரே ஆண்ட்ராய்டு, போனுக்குப் போன் வேறு மாதிரி: ஸ்கின்களை ஒப்பிட ஒரு தொடக்கப் பாடம்

இரண்டு கம்பெனி போன்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியைத் திறந்தால் ஆண்ட்ராய்டு 15 என்றே இருக்கிறது. வைஃபை ஒன்று, மெசேஜ் ஆப் ஒன்று, ஆப்பின் வெர்ஷனும் ஒன்று. ஸ்கிரீனை அணைத்து மூன்று மணி நேரம் விட்டுவிட்டு இரண்டுக்கும் மெசேஜ் அனுப்பினால், ஒன்று உடனே ஒலிக்கிறது. மற்றது, கையில் எடுத்து லாக்கைத் திறந்த பிறகுதான் சத்தம் போடுகிறது. போனில் பழுது இல்லை, ஆப்பிலும் தவறு இல்லை. போன் தயாரித்தவர் ஆண்ட்ராய்டுக்கு மேல் சேர்த்த மென்பொருள், அதாவது ஸ்கின், அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கிறது.

புதிதாகப் போன் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஐகான், நிறம், அனிமேஷன் ஆகியவற்றைப் பார்த்துத்தான் 'இந்த யூஐ (திரைத் தோற்றமும் அமைப்பும்) நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்கிறார்கள். அவற்றை வாங்கிய பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்கிரீன் அணைந்திருக்கும்போது போன் என்ன செய்கிறது, மூன்று வருடம் கழித்து அதற்கு யார் அப்டேட் தருகிறார்கள் என்ற இரண்டும் முழுதாக நம் கையில் இல்லை. ஒப்பீடு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அடியில் என்ன, மேலே என்ன

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல் என்ற மைய நிரல். அதன் மேல் கூகுள் உருவாக்கும் ஓப்பன் சோர்ஸ் ஆண்ட்ராய்டு இருக்கிறது. இதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் ப்ளே ஸ்டோர், மேப்ஸ், ஜிமெயில், இவற்றுக்கெல்லாம் பின்னால் ஓடும் ப்ளே சர்வீசஸ் ஆகியவை ஓப்பன் சோர்ஸில் சேராது. கூகுளிடம் உரிமம் பெற்று, அதன் பொருத்தச் சோதனைகளில் தேறிய போன்களில்தான் வரும். 2019-இல் அமெரிக்கத் தடைக்குப் பிறகு ஹுவாவே கம்பெனியின் புதிய போன்களுக்கு நடந்தது இதுதான்: ஆண்ட்ராய்டு கிடைத்தது, ப்ளே சர்வீசஸ் கிடைக்கவில்லை.

இந்தச் சோதனைகளால்தான் ஒரே ஆப் எல்லாக் கம்பெனி போனிலும் ஓடுகிறது. கேமரா, மைக், லொகேஷன் பெர்மிஷன் கேட்கும் முறையும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அவற்றை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதற்கு மேல் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறார்: லாஞ்சர் (ஹோம் ஸ்கிரீனை நடத்தும் ஆப்), செட்டிங்ஸ் அமைப்பு, கேமரா, கேலரி, டயலர் (அழைப்பு ஆப்), பேட்டரி மேலாண்மை, சில சமயம் தனி ஆப் ஸ்டோர். மொத்தத்துக்கும் பேச்சு வழக்கில் 'ஸ்கின்' என்று பெயர். பொருத்தமான பெயர் இல்லை. தோலோடு நிற்காமல் எலும்பு வரை போகும் மாற்றங்கள் இவை.

சாம்சங்கின் ஸ்கின் ஒன் யூஐ. 2018-இல் அறிவிக்கப்பட்டது, அதற்கு முன் டச்விஸ், சாம்சங் எக்ஸ்பீரியன்ஸ் என்ற பெயர்களில் இருந்தது. ஷாவ்மி 2010-இல் மியூஐ என்று தொடங்கி, 2023 அக்டோபரில் ஹைப்பர்ஓஎஸ் என்று பெயர் மாற்றியது. ஒப்போவில் கலர்ஓஎஸ். ரியல்மி யூஐ அதை அடிப்படையாகக் கொண்டது. ஒன்பிளஸின் ஆக்சிஜன்ஓஎஸ்ஸும் 2021 முதல் கலர்ஓஎஸ்ஸோடு அடிப்படை நிரலை (கோட்) பகிர்ந்துகொள்கிறது. விவோ வெளிநாட்டுச் சந்தைகளில் நெடுநாள் ஃபன்டச் ஓஎஸ் கொடுத்துவிட்டு, 2025-இல் ஆரிஜின்ஓஎஸ்ஸுக்கு மாறத் தொடங்கியது. பிக்சல், மோட்டோரோலா, நத்திங் மூன்றும் கூகுளின் மூல வடிவத்துக்கு ஓரளவு நெருக்கமாக நிற்பவை. நத்திங் தோற்றத்தை நிறைய மாற்றும், உள்ளே குறைவாகத்தான் கை வைக்கும்.

இதில் ஒரு நன்மை உண்டு. கடையில் பத்துப் பெயர் இருந்தாலும் குடும்பங்கள் ஐந்தாறுதான். ரெட்மியும் போக்கோவும் ஷாவ்மி வீட்டுப் பிள்ளைகள். ஐக்யூ விவோவைச் சேர்ந்தது. ஒப்போவில் பழகியவருக்கு ரியல்மியிலும் ஒன்பிளஸிலும் செட்டிங்ஸ் தேடித் திணற வேண்டியிருக்காது. 'ரியல்மியா ஒன்பிளஸா' என்று யூஐயை வைத்து மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. அங்கே முடிவு செய்ய வேண்டியவை அப்டேட் காலமும் முன்பே நிறுவி வரும் ஆப்களும்தான்.

ஐபோனில் இந்தச் சிக்கலே கிடையாது. போனையும் ஐஓஎஸ்ஸையும் ஆப்பிளே செய்கிறது, நடுவில் ஸ்கின் போட வேறு யாரும் இல்லை. அங்கே வேறுபாடு மாடலுக்கு மாடல்தான்: பழைய மாடலுக்கும் புதிய வெர்ஷன் வரும், ஆனால் சில வசதிகள் அதில் இருக்காது. இனி வருவதெல்லாம் ஆண்ட்ராய்டு பற்றி.

மூன்று எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

'என் போனில் ஹைப்பர்ஓஎஸ் 2 வந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால், ஆண்ட்ராய்டு புதிதாகிவிட்டது என்று பொருள் இல்லை. ஹைப்பர்ஓஎஸ் 2 சில மாடல்களில் ஆண்ட்ராய்டு 15 மேல் ஓடுகிறது, சில மாடல்களில் ஆண்ட்ராய்டு 14 மேல். மியூஐ 14-உம் இப்படித்தான்: சிலவற்றில் ஆண்ட்ராய்டு 13, சிலவற்றில் 12. சாம்சங்கில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே ஒன் யூஐயின் முதன்மை எண் பொதுவாக ஆண்ட்ராய்டு எண்ணோடு சேர்ந்தே நகரும்: ஒன் யூஐ 6 என்றால் ஆண்ட்ராய்டு 14, ஒன் யூஐ 7 என்றால் 15.

எனவே 'அபவுட் போன்' பகுதியில் மூன்றைத் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவது ஆண்ட்ராய்டு வெர்ஷன். இரண்டாவது ஸ்கின் வெர்ஷன். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: செக்யூரிட்டி பேட்ச் தேதி. சாம்சங்கில் இது 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' உள்ளே இருக்கும். மற்றவற்றில் ஆண்ட்ராய்டு வெர்ஷன் வரியைத் தொட்டாலே பெரும்பாலும் தெரியும். அந்தத் தேதி மாதத்தின் 1 என்றோ 5 என்றோ முடியும். 1 என்றால் ஆண்ட்ராய்டின் மேல் அடுக்கில் உள்ள ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன. 5 என்றால் கெர்னல், சிப் தயாரிப்பாளரின் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஆகியவற்றின் ஓட்டைகளும் சேர்த்து அடைபட்டிருக்கின்றன.

அருகிலேயே 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' என்று இன்னொரு தேதி இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் சிஸ்டத்தின் சில பகுதிகளைப் போன் தயாரிப்பாளருக்காகக் காத்திருக்காமல் கூகுளே நேராகப் புதுப்பிக்கிறது. அதன் தேதி அது. தொட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பல போன்களில் யாரும் தொடாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஸ்கிரீன் அணைந்த பிறகு

ஆண்ட்ராய்டு 6 முதல், அதாவது 2015 முதல், 'டோஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. போன் சார்ஜரில் இல்லை, அசையவில்லை, ஸ்கிரீனும் அணைந்திருக்கிறது என்றால் ஆப்களின் நெட் இணைப்பு நிறுத்தப்படும். இடையிடையே சிறு இடைவெளி திறந்து எல்லா ஆப்களும் தங்கள் வேலையை முடித்துக்கொள்ள விடும், பிறகு மறுபடி மூடும். நேரம் ஆக ஆக இந்த இடைவெளிகள் அரிதாகும். ஆனால் சாட் மெசேஜ், அழைப்பு போன்ற அவசரமானவை கூகுளின் மெசேஜிங் சேவை வழியாக 'உயர் முன்னுரிமை' முத்திரையோடு வந்தால் டோஸ் வழிவிடும். மூல ஆண்ட்ராய்டில் மெசேஜ் தாமதம் பெரிதாகத் தெரியாததற்கு இதுவே காரணம்.

தயாரிப்பாளர்கள் இதற்கு மேல் தங்கள் பூட்டையும் போடுகிறார்கள். ஆப் தானாகத் தொடங்கக் கூடாது, சில நாள் திறக்காத ஆப் தூங்கட்டும், ஸ்கிரீன் லாக் ஆனதும் மெமரியைக் காலி செய் என்று பல வகை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: ரேம் குறைந்த போன்கள், பின்னணியில் ஓயாமல் ஓடும் மோசமான ஆப்கள், 'எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கிறது' என்று மட்டும் அளக்கும் விமர்சனங்கள். ஆனால் விலை கொடுப்பது நோட்டிஃபிகேஷன்.

இதில் மிகக் கடுமையான நடவடிக்கை 'ஃபோர்ஸ் ஸ்டாப்'. இப்படி நிறுத்தப்பட்ட ஆப்புக்கு அந்த உயர் முன்னுரிமை மெசேஜும் போய்ச் சேராது. நாமே அதைத் திறக்கும் வரை அது செத்த மாதிரிதான். மூல ஆண்ட்ராய்டில் ரீசன்ட்ஸ் (அண்மையில் திறந்த ஆப்கள்) திரையிலிருந்து ஆப்பைத் தள்ளிவிட்டால் ஃபோர்ஸ் ஸ்டாப் ஆகாது; சில ஸ்கின்களில் தள்ளிவிடுவதே ஏறக்குறைய ஃபோர்ஸ் ஸ்டாப்தான். 'எல்லாவற்றையும் மூடு' பட்டனை வழக்கமாக அழுத்துபவர்கள் அந்தப் போன்களில் தங்கள் மெசேஜைத் தாங்களே தடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டனால் பேட்டரியும் மிச்சமாவதில்லை. மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் அதிகம் செலவாகும்.

சரிசெய்யும் வழி குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பெயர்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் சற்றே வேறுபடலாம். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யுங்கள்.

சாம்சங்: செட்டிங்ஸ், பேட்டரி, 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்'. உள்ளே 'ஸ்லீப்பிங்', 'டீப் ஸ்லீப்பிங்' என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். இரண்டாவதில் மாட்டிய ஆப் நாம் திறந்தால்தான் ஓடும். முக்கியமான ஆப்பை அங்கிருந்து எடுத்து, தூங்க வைக்கவே கூடாத மூன்றாவது பட்டியலில் சேருங்கள்.

ஷாவ்மி, ரெட்மி, போக்கோ: ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' திறந்து, 'ஆட்டோஸ்டார்ட்' ஆன் செய்யுங்கள். அதே பக்கத்தில் 'பேட்டரி சேவர்' உள்ளே 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' தேர்ந்தெடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் அதிகம். ரீசன்ட்ஸில் அந்த ஆப் அட்டையை அழுத்திப் பிடித்தால் வரும் பூட்டுக் குறியையும் போட்டுவிட்டால், 'எல்லாவற்றையும் மூடு' அழுத்தினாலும் அது தப்பிக்கும்.

ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ்: 'ஆப் இன்ஃபோ', 'பேட்டரி யூசேஜ்', அதில் பின்னணி இயக்கத்தையும் ஆட்டோ லாஞ்சையும் அனுமதியுங்கள். விவோ, ஐக்யூ: செட்டிங்ஸில் பேட்டரி உள்ளே பின்னணி மின்செலவு மேலாண்மைப் பட்டியல் இருக்கும், அங்கே ஆப்பைக் கட்டுப்பாடு இல்லாததாக மாற்றுங்கள். ஆட்டோஸ்டார்ட் மட்டும் தனியாகப் பெர்மிஷன் பகுதியில் இருக்கும். பிக்சல், மோட்டோரோலா, நத்திங்கில் 'ஆப் இன்ஃபோ' உள்ள பேட்டரி வரியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஒன்றே போதும். பெரும்பாலும் அதுகூடத் தேவைப்படாது.

எல்லா ஆப்புக்கும் இப்படித் திறந்துவிடாதீர்கள். அப்போது தயாரிப்பாளர் பயந்தது நடந்துவிடும். சாட், அலுவலக மெயில், வெளியிலிருந்து நிறுவிய அலாரம், நடை எண்ணும் ஆப், ஸ்மார்ட் வாட்ச்சின் துணை ஆப் ஆகிய ஐந்தாறு போதும். வாட்ச் அடிக்கடி இணைப்பு இழக்கிறது என்ற புகார்களில் கணிசமானவை வாட்ச்சின் குற்றம் இல்லை. அதன் துணை ஆப் தூங்கிவிட்டிருக்கும். இரண்டு கணக்குக்காக ஆப்பை நகல் எடுத்து வைத்திருந்தால் நகலுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். பெரிய அப்டேட் வந்த மறுநாள் இந்த செட்டிங்ஸ் அப்படியே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில போன்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கூடவே வந்த ஆப்களும் விளம்பரமும்

புதுப் போனில் நாம் கேட்காமலே வரும் ஆப்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஐகானை அழுத்திப் பிடித்தால் 'அன்இன்ஸ்டால்' வருபவை முதல் வகை. இவை தொல்லை இல்லை, பத்து நிமிடத்தில் துடைத்துவிடலாம். 'டிசேபிள்' மட்டும் வருபவை இரண்டாவது. இவை சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்திருக்கும். டிசேபிள் செய்தால் ஓடுவதும் நிற்கும், அப்டேட்டும் டேட்டாவும் அழியும், ஆனால் மூல ஆப் பிடித்த இடம் திரும்பக் கிடைக்காது. இரண்டும் வராதவை மூன்றாம் வகை. ஒரு ஸ்கின் எவ்வளவு சுத்தம் என்பதை மொத்த ஆப் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாம் வகையில் நமக்கு வேண்டாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

விளம்பரம் தனிக் கதை. லாபம் குறைவாக வைத்து விற்கும் போன்களில் சிஸ்டம் ஆப்களே விளம்பரம் காட்டி வருமானம் தேடும். ஃபைல் மேனேஜர், தீம் ஸ்டோர், ஆப் நிறுவியதும் வரும் 'ஸ்கேன்' திரை, லாக் ஸ்கிரீனில் தானாக மாறும் படங்கள், ஹோம் ஸ்கிரீன் ஃபோல்டருக்குள் 'பரிந்துரை' ஆப்கள் ஆகியவை இதன் வழக்கமான இடங்கள். நாட்டுக்கு நாடு அளவு மாறும். அணைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு, ஆனால் ஒரே இடத்தில் இருக்காது.

ஷாவ்மி குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சிஸ்டம் விளம்பரங்களுக்குப் பின்னால் ஓடும் சேவையின் பெயர் எம்எஸ்ஏ. செட்டிங்ஸ் தேடலில் 'ஆதரைசேஷன்' என்று தேடினால் அனுமதி பெற்ற சிஸ்டம் சேவைகளின் பட்டியல் வரும். நெட்டை ஆன் செய்துவிட்டு எம்எஸ்ஏ எதிரே உள்ள சுவிட்சை அணையுங்கள். உறுதிப்படுத்தும் பட்டன் உடனே வேலை செய்யாது, பத்து விநாடி எண்ணிக்கை ஓடும். முடிந்து அழுத்தினாலும் 'ரத்து செய்ய முடியவில்லை' என்று வரலாம். நெட் இல்லாவிட்டால் நிச்சயம் தோற்கும், இருந்தாலும் முதல் முயற்சியில் தோற்பதுண்டு. இரண்டு மூன்று முறை முயன்றால் அணைந்துவிடும். இதோடு வேலை முடியாது. ஃபைல் மேனேஜர், டவுன்லோட்ஸ், தீம்ஸ் என்று ஒவ்வொரு ஆப்பின் சொந்த செட்டிங்ஸிலும் 'ரெகமண்டேஷன்ஸ்' சுவிட்சைத் தனித்தனியாக அணைக்க வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் ஒருமுறைதான்.

எந்தப் போனாக இருந்தாலும், விளம்பர நோட்டிஃபிகேஷன் வந்தால் தள்ளிவிடாதீர்கள். அழுத்திப் பிடியுங்கள். அனுப்பிய ஆப் எது, எந்த வகை நோட்டிஃபிகேஷன் என்று தெரியும், அங்கேயே அந்த வகையை மட்டும் நிறுத்தலாம். இன்னும் எளிய தடுப்பு, முதன்முறை போனை ஆன் செய்யும்போதே இருக்கிறது. அந்த வரவேற்புத் திரைகளில் 'அடுத்து, அடுத்து' என்று தட்டிக்கொண்டே போகும்போதுதான் பாதி ஒப்புதல்கள் போகின்றன. டிக் போட்டபடியே வரும் பெட்டிகளை அங்கே எடுத்துவிடலாம்; எடுத்தாலும் போன் தொடங்கும்.

ஸ்டோரேஜையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெட்டியில் 128 ஜிபி என்றால் அது 12,800 கோடி பைட். போன் மூன்று முறை 1024-ஆல் வகுத்து எண்ணினால் அது சுமார் 119 ஜிபி. இந்த 9 ஜிபி வித்தியாசத்தையும் சில போன்கள் 'சிஸ்டம்' கணக்கிலேயே சேர்த்துக் காட்டும். இரண்டு போன்களின் சிஸ்டம் அளவை ஒப்பிடும்போது அதை நம்பாமல், புதுப் போனில் மீதம் உள்ள இடத்தை ஒப்பிடுங்கள்.

'8 + 8 ஜிபி ரேம்' என்ற விளம்பர வரியிலும் இரண்டாவது எட்டு ரேம் கிடையாது. ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி, பயன்படாத டேட்டாவை அங்கே தள்ளி வைக்கும் ஏற்பாடு அது. ரேமைவிட ஸ்டோரேஜ் பல மடங்கு மெதுவானது. ரேம் குறைந்த போனில் ஆப்கள் சற்றுக் கூடுதல் நேரம் நினைவில் நிற்க உதவலாம், வேகம் கூடாது.

அப்டேட் கணக்கு போடுவது எப்படி

'4 ஓஎஸ் அப்டேட், 5 வருட செக்யூரிட்டி' என்று விளம்பரம் சொன்னால், கணக்கு நீங்கள் வாங்கிய நாளில் தொடங்குவதில்லை. அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த மாடலுக்கு நான்கு அப்டேட் என்றால் கடைசி நிறுத்தம் 18. அது வந்து ஒன்றரை வருடம் கழித்து, விலை குறைந்ததும் வாங்கினால், உங்களுக்கு மிஞ்சுவது மூன்றரை வருட செக்யூரிட்டி. விலைக் குறைவில் ஒரு பகுதி இதற்கான ஈடுதான்.

இன்னொரு பொறி: ஆண்ட்ராய்டு 15 வெளியாகிப் பல மாதம் கழித்தும் 14-உடன் அறிமுகமான மாடல்கள் உண்டு. அதற்கு '2 ஓஎஸ் அப்டேட்' வாக்குறுதி என்றால், ஒன்று பழைய பாக்கியை அடைக்கவே போய்விடும்.

பெரிய கம்பெனிகளில் நீளமானவை ஏழு வருட வாக்குறுதிகள். கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 வரிசையோடு அதைத் தொடங்கியது. சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குக் கொடுத்தது. ஆனால் கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கம்பெனியின் விலை உயர்ந்த வரிசைக்கு ஒரு காலம், மலிவு வரிசைக்கு வேறு காலம். மாடல் பெயரோடு தேடிப் பார்ப்பது ஒன்றே வழி.

அப்டேட் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதும் ஸ்கின்னைப் பொறுத்தது. கூகுள் புதிய ஆண்ட்ராய்டைக் கொடுத்ததும் தயாரிப்பாளர் தன் மாற்றங்களை அதில் மறுபடி பொருத்த வேண்டும். மாற்றம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு வேலை. முன்பு சிப் தயாரிப்பாளரின் டிரைவர்களும் ஒவ்வொரு முறையும் மாற வேண்டியிருந்தது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 மேல் அடுக்கையும் டிரைவர் அடுக்கையும் பிரித்து வைத்த பிறகு நிலைமை தேறியது.

நிறுவும் முறையிலும் வித்தியாசம் உண்டு. சில போன்கள் அப்டேட்டைப் பின்னணியிலேயே இன்னொரு பகுதியில் நிறுவிவிட்டு, வழக்கமான ரீஸ்டார்ட் நேரம் மட்டுமே கேட்கும். பிக்சல் தொடக்கம் முதலே இப்படி. சாம்சங்கில் இந்த முறை 2024-இல் ஏ55 மாடலில்தான் முதலில் வந்தது. இது இல்லாத போன்கள் ரீஸ்டார்ட் ஆகி, சதவீதம் ஓடும் திரையில் பதினைந்து இருபது நிமிடம் நிற்கும். அந்த நேரத்தில் அழைப்பு வராது. அவசர அழைப்பை எதிர்பார்க்கும் இரவில் 'அப்டேட் நவ்' தொடாதீர்கள்.

பெரிய அப்டேட் முடிந்ததும் ஓரிரு நாள் போன் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். ஆப்கள் புதிய சிஸ்டத்துக்கு ஏற்ப மறுபடி தொகுக்கப்படுவதும், கேலரி படங்கள் மறுபடி அட்டவணை போடப்படுவதும் காரணம். அந்த இரண்டு நாளை வைத்து 'அப்டேட் போனைக் கெடுத்துவிட்டது' என்று தீர்ப்பு எழுத வேண்டாம். ஒரு வாரம் ஆகியும் சரியாகாவிட்டால் அப்போது பேசலாம்.

கண்ணுக்குத் தெரிபவை

இவற்றைச் சீக்கிரம் சொல்லி முடிக்கலாம். நோட்டிஃபிகேஷனும் சுவிட்சுகளும் ஒரே பலகையில் இறங்குமா, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று பிரியுமா என்பது ஸ்கின்னுக்கு ஸ்கின் வேறு. பிரிந்திருப்பது பிடிக்காவிட்டால் பலவற்றில் ஒன்றாக்க செட்டிங்ஸ் உண்டு. சாம்சங்கில் மூன்று பட்டன் முறையில் 'பேக்' வலப்பக்கம் இருக்கும், மற்றவற்றில் பெரும்பாலும் இடப்பக்கம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் நேவிகேஷன் பார் உள்ளே வரிசையை மாற்றலாம். கம்பெனி மாறுபவர்களை முதல் வாரம் அதிகம் கடுப்பேற்றுவது இந்தச் சின்ன விஷயம்தான்.

ஒன் யூஐயில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது: படிக்க வேண்டியது மேலே, தொட வேண்டியது கீழே. செட்டிங்ஸில் தலைப்பு பாதித் திரையை அடைத்துக்கொண்டு நிற்பது இடத்தை வீணாக்குவதாகத் தோன்றும். பெரிய போனை ஒரு கையால் பிடித்துப் பார்த்தால் காரணம் புரியும்.

ஹோம் ஸ்கிரீனே பிடிக்காவிட்டால் ப்ளே ஸ்டோரில் வேறு லாஞ்சர் நிறுவலாம். ஆனால் சில ஸ்கின்களில் வேறு லாஞ்சர் வைத்தால் ஜெஸ்ச்சர் நேவிகேஷன் (பட்டன் இல்லாமல் விரலைத் தள்ளி நகரும் முறை) சரியாக ஓடாது, பட்டன்களுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

'இந்தப் போன் வேகம், அது மந்தம்' என்ற உணர்வில் பாதி அனிமேஷன் நீளம்தான். அபவுட் போனில் 'பில்ட் நம்பர்' வரியை ஏழு முறை தொட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். ஷாவ்மியில் ஸ்கின் வெர்ஷன் வரியைத் தொட வேண்டும். அதற்குள் அனிமேஷன் அளவு மூன்று வரிகளில் இருக்கும். மூன்றையும் 1-லிருந்து 0.5 ஆக்குங்கள். ப்ராசஸர் வேகம் மாறாது, காத்திருக்கும் நேரம் குறையும். அங்கே உள்ள மற்ற சுவிட்சுகளைத் தெரியாமல் தொட வேண்டாம்.

அழைப்புப் பதிவு தேவைப்படுபவர்கள் டயலர் யாருடையது என்று பாருங்கள். கூகுளின் டயலர் பதிவு தொடங்கும்போது இரு முனைக்கும் குரலில் அறிவிக்கும். தயாரிப்பாளரின் சொந்த டயலர் வேறு விதமாக நடந்துகொள்ளலாம். பதிவு செய்ய அனுமதி உண்டா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

வெளியேறும் வழியையும் இப்போதே யோசியுங்கள். தயாரிப்பாளரின் நோட்ஸ், ஹெல்த், கேலரி ஆப்களில் வருடக்கணக்கில் சேர்த்தவை அடுத்த கம்பெனி போனுக்கு எளிதில் வராது. படம், தொடர்பு எண், மெசேஜ் எல்லாம் போன் மாற்றும் ஆப்கள் வழியாக வந்துவிடும். தயாரிப்பாளரின் சொந்த வடிவத்தில் எழுதிய குறிப்புகளும் பூட்டிய ஃபோல்டரும்தான் அங்கேயே தங்கும். கம்பெனி மாறும் பழக்கம் உள்ளவர்கள் குறிப்புகளுக்கு எல்லாப் போனிலும் கிடைக்கும் ஆப்பைப் பயன்படுத்துவது நல்லது.

கையில் எடுத்து ஒப்பிடும்போது

ஒரே அளவு ரேம், ஒரே விலைத் தட்டில் உள்ள போன்களை மட்டும் ஒப்பிடுங்கள். உயர்ந்த மாடலில் ஒரு ஸ்கின் ஓடும் அழகைப் பார்த்து அதன் மலிவு மாடலை வாங்கினால் ஏமாற்றம்தான். வசதிகளே குறைந்திருக்கலாம்; சாம்சங் சில காலம் மலிவு மாடல்களுக்கு ஒன் யூஐ கோர் என்று குறைத்த வடிவம் ஒன்றையே தனியாகக் கொடுத்தது. கடையில் வைத்திருக்கும் டெமோ போனும் சரியான சாட்சி இல்லை. அதில் டெமோ மென்பொருள் ஓடும், ஆப்கள் குறைவு, நாள் முழுக்கச் சார்ஜரில் இருக்கும். பின்னணியில் ஆப்பைத் தூங்க வைக்கும் குணம் அங்கே வெளிப்படவே வாய்ப்பில்லை.

தெரிந்தவரின் போன் கிடைத்தால் அதுவே மேல். ஏழெட்டு ஆப்களை வரிசையாகத் திறந்துவிட்டு முதல் ஆப்புக்குத் திரும்புங்கள். விட்ட இடத்திலேயே நிற்கிறதா, முதலிலிருந்து லோட் ஆகிறதா? பிறகு சார்ஜரில் போடாமல் ஒரு மணி நேரம் மேசையில் அசையாமல் விட்டுவிட்டு மெசேஜ் அனுப்புங்கள். அவர் ஏற்கெனவே பேட்டரி செட்டிங்ஸை மாற்றியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றியிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. ஸ்டோரேஜ் பக்கத்தையும், ஆப் பட்டியலில் டிசேபிள்கூடச் செய்ய முடியாதவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

வாங்க நினைக்கும் வரிசையில் இரண்டு வருடம் முன்பு வந்த மாடலை யாராவது வைத்திருந்தால், அதன் செக்யூரிட்டி பேட்ச் தேதியைக் கேளுங்கள். வந்த அப்டேட்டையெல்லாம் அவர் போட்டிருந்தும் தேதி ஆறு மாதம் பின்தங்கி நின்றால், நீங்கள் வாங்கப்போகும் போனின் இரண்டாம் வருடமும் அநேகமாக அப்படித்தான் இருக்கும், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும்.